தண்ணீர் மட்டும் வேறு கையால்

2021 மே மாதம், மூன்றாவது வாரம். தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டிய வாரம் அது. ஒரு மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனையில், கொரோனா தீவிர சிகிச்சை வார்டில் நான் ஒப்பந்தச் செவிலியராக இருந்தேன். நைட் டூட்டி. பதினான்கு கட்டில்களுக்கு நான் ஒருத்தி. தீவிர சிகிச்சையில் ஒரு கட்டிலுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த அளவுகோல். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். வார்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒன்பதாம் கட்டிலில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். வந்தபோது சாச்சுரேஷன் 78. குப்புறப் படுக்க வைத்து, ஆக்சிஜனை ஏற்றி, நான்கு நாள் போராடி 90-க்குக் கொண்டுவந்திருந்தோம். பேச்சு வர ஆரம்பித்திருந்தது. நள்ளிரவு தாண்டி அவருக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"தெரியுமே. என் மச்சான் ஊருக்குப் பக்கத்துல. ஊர்லயா, காலனியா?"

வட மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. "காலனிங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் துடைத்து முடித்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, திருப்பிப் படுக்க வைத்தேன். அதற்கெல்லாம் ஒத்துழைத்தார். உதடு வறண்டிருக்கிறதே என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்ட்ராவை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்புறம் குடிக்கிறேன்" என்றார். விடியற்காலையில் டூட்டி மாற வந்த செவிலியரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, மடமடவென்று குடித்திருக்கிறார். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அந்த உடைக்குள் எல்லோரும் ஒன்றுதான். தலை முதல் கால் வரை வெள்ளை, கண்ணாடி, அதன் மேல் முகத்தடுப்பு. யார் டாக்டர், யார் நர்ஸ் என்று எங்களுக்கே தெரியாது என்பதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். ஆகவே அந்தப் பெரியவர் தண்ணீர் வாங்குவதற்கு முன் நாங்கள் திரும்பி நிற்கும்வரை காத்திருப்பார். முதுகில் என் பெயர் இல்லை என்று உறுதியானபிறகுதான் கேட்பார். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்த செவிலியர் என்ன சாதி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவர் கெட்டவர் என்று எழுத வரவில்லை. பேரன் பேரைச் சொல்லி அழுவார். பக்கத்துக் கட்டில்காரர் இறந்த இரவில், "அந்தப் பையனோட பொண்டாட்டிக்குச் சொல்லிட்டீங்களா" என்று மூன்று முறை கேட்டார். பிழைத்து வீட்டுக்குப் போனபோது டாக்டரைக் கும்பிட்டார், என்னிடம் "நல்லா இருமா" என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அவருடைய மலத்தை எடுக்க ஆகிவந்த என் கை, அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆகிவரவில்லை. நுரையீரல் பாதி வெந்து கிடக்கும்போதும் ஒரு மனிதருக்கு இந்தக் கணக்கு மறக்கவில்லை.

இது ஏதோ எங்கள் வார்டில் மட்டும் நடந்த அதிசயமில்லை. 2020 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், தனிமைப்படுத்தல் மையத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் சமைத்த சாப்பாட்டை உண்ண மறுத்த ஒருவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. இன்னும் பின்னால் போனால், 1890-களின் பிளேக் காலத்தில் பம்பாயில் சாதிக்கும் சமூகத்துக்குமாகத் தனித்தனி பிளேக் மருத்துவமனைகளே திறந்தார்கள். எலியிலிருந்து வந்த நோய் எல்லோரையும் ஒன்றாகக் கொன்றபோதும் சாவதற்கான கட்டில்கள் தனித்தனியாகத்தான் போடப்பட்டன. "கொரோனா எல்லோரையும் சமமாக்கிவிட்டது" என்று 2020-இல் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லியிருக்கலாம்.

என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆயா பிரசவம் பார்ப்பவர். ஊர்த்தெருவில் வலி கண்டால் ராத்திரியிலும் ஆள் வரும். கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் உள்ளே போவார். தொப்புள்கொடி அறுப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், நஞ்சுக்கொடியைக் கொண்டுபோய்ப் புதைப்பார். கூலி ஒரு முறம் நெல், ஒரு பழம்புடவை. அவர் வெளியே வந்ததும் அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். அந்தத் தெருவில் இன்று மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் பாதிப் பேரின் முதல் தொடுதல் என் ஆயாவின் கைதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்தவர்கள் மருத்துவர் சமூகத்துப் பெண்களும் தலித் பெண்களும். ரத்தத்தையும் மலத்தையும் பிணத்தையும் தொடும் வேலைகள் யார் தலையில் கட்டப்பட்டன என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நவீன மருத்துவமனை வந்தபோது அந்த வேலைக்குப் படிப்பும் சீருடையும் வந்தன. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். ஆனால் அந்நியர் உடம்பைத் தொட வேண்டிய, இரவில் வெளியே தங்க வேண்டிய வேலைக்குத் தங்கள் பெண்களை அனுப்ப ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் நெடுங்காலம் மறுத்தன. அந்த இடத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவப் பெண்கள், விதவைகள், ஏழைகள், ஒடுக்கப்பட்டவர்கள். இன்றும் பெண் பார்க்க வரும் இடத்தில் "நர்ஸா? நைட் டூட்டி உண்டா?" என்ற கேள்வி வரும்போது அதற்குள் இருப்பது அந்தப் பழைய அருவருப்புதான். எங்கள் காலனியிலோ நான் நர்சிங் சேர்ந்த அன்று அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். ஆயா செய்த அதே வேலைதான். முன்வாசல் வழியாகப் போகலாம், மாதச் சம்பளம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

முன்வாசல் சரி. சம்பளத்துக்கு வருகிறேன்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் வென்று, இட ஒதுக்கீட்டு முறைப்படி தேர்வாகி, 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் வேலைக்கு வந்தோம். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம் என்றார்கள். இரண்டு ஆண்டு முடிந்து ஒன்றும் நடக்காததால்தான் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். கழிப்பறைகளைப் பூட்டினார்கள் என்று பேச்சு எழுந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, டூட்டியில் மட்டும் என்ன வாழ்கிறது என்று. பிறகு சம்பளம் 14,000 ஆனது. கொரோனா வார்டுக்குள் நான் நுழைந்தது அந்த 14,000-த்துக்குத்தான். அதே வார்டில், அதே உடைக்குள், அதே வியர்வையில் நின்ற நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தில் அது பாதிகூட இல்லை. எங்களுக்கும் பிறகு, கொரோனாவுக்கென்றே ஆறு மாதம், ஆறு மாதமாகத் தற்காலிகமாகச் செவிலியர்களை எடுத்தார்கள். அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில் பாராட்டுக்குக் குறைவில்லை. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே தட்டு தட்டியது. மே 3 அன்று மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். (அந்தப் பூவைக் கூட்டிப் பெருக்கியவர் யார் என்று எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை.) அந்த ஆண்டு நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டு, உலக சுகாதார நிறுவனம் அதைச் செவிலியர் ஆண்டாகவே அறிவித்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கொரோனாவால் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அந்தக் கணக்கு மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. தட்டு தட்டியவர்களுக்கு நாங்கள் தெய்வம். தெய்வத்துக்குச் சம்பளம் எதற்கு, செத்தால் கணக்கு எதற்கு?

தெய்வம் வீட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். என்னோடு அதே நாள் வேலையில் சேர்ந்த ஒரு தோழி. பெயர் வேண்டாம். இடைநிலைச் சாதியில், நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் பிறந்தவள். நல்லவள், என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாள். முதல் அலையின்போது அவள் குடியிருந்த வாடகை வீட்டில் வீட்டுக்காரர் மாடிப்படியைப் பயன்படுத்தக் கூடாது என்றார். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்றார். பால்காரர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். எதிர்வீட்டு அம்மா, இவள் நடந்துபோன பிறகு வாசலில் மஞ்சள்தண்ணீர் தெளித்தார். ஒருநாள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னைத் தீண்டத்தகாதவ மாதிரி நடத்துறாங்கடி."

அவள் தோளில் கைபோட்டிருந்த நான் அந்த ‘மாதிரி’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, நடந்த இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும், கையில் கொடுக்காமல் போட்டுவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் யாரோ கொரோனாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்ததா? என் ஆயா உட்கார்ந்த இடத்தைக் கழுவிய அதே வாளி. சமூகத்துக்கு ஒரு பழைய பாடம் நன்றாகப் பயிற்சியாகி இருந்தது. நோய் வந்ததும் புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ‘சமூக இடைவெளி’ என்ற சொல் மார்ச் மாதத்தில் சுவரெல்லாம் ஒட்டப்பட்டபோது நம் தோழர்கள் பலர் எதிர்த்தார்கள், ‘உடல் இடைவெளி’ என்று சொல்லுங்கள் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் அந்த மாதமே அப்படித்தான் மாற்றிக்கொண்டது. சொல்லில் என்ன இருக்கிறது என்று அப்போது கேலி செய்தவர்களை அந்த மாடிப்படியில் நிறுத்திக் காட்ட வேண்டும் போலிருந்தது.

தோழியிடம் நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அழுகிறவளிடம் எதைச் சொல்வது? பத்து நாள் கழித்து டீ குடிக்கும்போது சொன்னேன்: "உனக்கு இது கொரோனா போனா போயிடும்டி." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "உனக்கு வீடு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டாள். ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் முதல்முறையாகக் கேட்டாள். பொய் சொல்லித்தான் கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் நிறையப் பேசினோம், சண்டையும் போட்டோம். அதெல்லாம் தனிக் கட்டுரை.

2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தபோது அவர் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் ரத்தம் சொட்ட ஓடினார்கள். சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தானே மண்ணை வாரிப் போட்டுப் புதைத்தார். நாடே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். அடுத்த சில நாட்களில், அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என் மாவட்டத்தின் ஊர்களை எண்ணிப் பார்த்தேன். பொதுச் சாலை வழியாகப் பிணம் போகக் கூடாது, பொது மயானத்தில் புதைக்கக் கூடாது என்று மழைக்காலத்தில் வயல் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காலனிக்காரர்களுக்கு எத்தனை நாளில் அவசரச் சட்டம் வந்தது?

இதுவரை நான் பட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். செய்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

எங்கள் வார்டில் ஒரு தூய்மைப் பணியாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அருந்ததியர். தனியார் ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர். மருத்துவமனைகளில் இவர்களை ‘ஆயா’ என்று கூப்பிடுவார்கள், இருபது வயதுப் பெண்ணாக இருந்தாலும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். டாக்டர்களுக்கு ஹோட்டல் அறை, நிரந்தரச் செவிலியர்களுக்கு லாட்ஜ், எங்களுக்கு ஒரு கல்லூரி விடுதி. அவருக்கு ஒன்றும் இல்லை. டூட்டி முடிந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஷேர் ஆட்டோ ஓடாத நாட்களில் இன்னும் நடந்து, ஒற்றை அறை வீட்டுக்குப் போவார். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு என் 95 முகக்கவசம் வந்த பிறகும் அவருக்குப் பல வாரங்கள் துணிமுகக்கவசம்தான். 2021 மே மாதம் ஊக்கத்தொகை அறிவித்தார்கள்: மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000. நன்றியிலும் படிக்கட்டு. அந்தக் கடைசிப் படியும் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் பெயர் இல்லை என்று அவருக்கு மாதக்கணக்கில் வராமல் இழுத்தது.

யாராவது இறந்தால் உடலைப் பொதிய நாங்கள் இருவரும்தான் நிற்போம். நான் குழாய்களைக் கழற்றி, காது மூக்கை அடைத்து, அட்டை எழுதுவேன். ஹைப்போகுளோரைட் தெளித்துப் பைக்குள் வைப்போம். ஜிப்பை இழுக்கும் முன் ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார்: "பேரு என்னா சிஸ்டர்?" அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையைப் பார்த்துச் சொல்வேன். அவர் குனிந்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அண்ணே, அக்கா, பாப்பா என்று முறை வைத்து. "வண்டி வந்துடுச்சுண்ணே, பத்திரமா போயிட்டு வா." வெளியே கேட் பக்கத்தில் நிற்கும் உறவினர்களுக்குக் கடைசியாக முகம்கூடக் காட்டாத நாட்கள் அவை. அத்தனை பேருக்கும் உறவு முறை சொல்லி வழியனுப்பியவர் அவர் ஒருவர்தான். இறந்தவரின் சாதி என்னவென்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

எங்கள் உடை மாற்றும் அறையில் ஒரு தண்ணீர் கேன் இருக்கும். இருபது லிட்டர். ஆறு மணி நேரம் என்று சொல்லி எட்டு, ஒன்பது மணி நேரம் அந்த உடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், சிறுநீருக்கும் போகாமல் நின்றுவிட்டு வந்தால், அந்தக் கேன்தான் உயிர். ஒருநாள் கேனில் கொஞ்சம்தான் மீதி இருந்தது. பின்னால் இன்னும் மூன்று செவிலியர்கள் வர வேண்டும். அந்த அக்கா உடையைக் கழற்றிவிட்டு டம்ளரை எடுத்தார். "ஆயா, நீங்க வெளிய குழாயில புடிச்சுக்கங்க, ஸ்டாஃபுக்கு வேணும்" என்று ஒரு குரல் வந்தது.

அது என் குரல்.

அவர் முகம் மாறவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த நாளிலிருந்து வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவந்தார். நானும் அதைக் கவனித்தேன், கவனிக்காதது போலவும் இருந்தேன். ஒன்பதாம் கட்டில் பெரியவர் என் கையில் தண்ணீர் வாங்க மறுத்து நான் ராத்திரியெல்லாம் கொதித்தது இதற்குப் பத்து நாள் முன்புதான். தண்ணீர் குறைவாக இருந்தது, களைப்பு, பின்னால் ஆள் வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரிசையில் கடைசியாக வந்த ஒரு மருத்துவ மாணவியிடம் அதைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படியைக் கொடுத்துவைத்திருப்பதால்தான் சாதி நிலைக்கிறது என்று அம்பேத்கரிடம் படித்தவள் நான். பயிற்சிக் காலத்தில் விடுதியில் வாசகர் வட்டமே நடத்தியவள். நான் பறையர் சமூகத்தில் பிறந்தவள் என்பதும், எனக்கு நேர்ந்ததும் என்னை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. படித்தது தலையில் இருந்தது. கேன் பக்கத்தில் நின்றபோது நாக்கில் வந்தது வேறு.

அன்று இரவு ஒரு இளம் பெண் இறந்தார். பையில் வைத்துவிட்டு அக்கா வழக்கம்போல் "பேரு என்னா சிஸ்டர்?" என்றார். சொன்னேன். அவர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு மாதம் ஒன்றாக நின்றிருக்கிறோம். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முதுகில் எழுதும்போதுகூட அவருடைய உடையில் ‘ஹெச்கே’ என்றுதான் எழுதுவோம், ஹவுஸ்கீப்பிங் என்பதன் சுருக்கம். கேட்டேன். சொன்னார். மறுநாள் மார்க்கரால் நானே எழுதினேன். இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. சூப்பர்வைசர் பார்த்தால் வேலை போகும் என்றார்.

கேன் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத வுடு சிஸ்டர், நீயாவது கேட்ட" என்றார். எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை.

எங்கள் நர்சிங் பள்ளியில் கையில் விளக்கேந்தி நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுத்தோம். நல்லது. ஆனால் சாவித்திரிபாய் புலே என்ற பெயரை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது அவரும் வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே சிகிச்சை மையம் நடத்தினார்கள். முந்த்வா கிராமத்து மகர் குடியிருப்பில் நோயோடு கிடந்த ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அதில் அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். ஆசிரியர் என்று மட்டும் நாம் நினைவுகூரும் அவரைச் செவிலியர்கள் தங்கள் முன்னோடியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கேன் சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தொகுப்பூதியச் செவிலியர்களை நிரந்தரமாக்கு என்று நாங்கள் கூடும் ஒவ்வொரு இடத்திலும் முழக்கமிடுகிறோம். இடுவோம். அந்த முழக்கத்தில் தூய்மைப் பணியில் ஒப்பந்த முறையை ஒழி என்ற வரி ஏன் இல்லை என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "அது வேற துறை, நம்ம கோரிக்கை நீர்த்துப்போகும்" என்றார்கள். அதே மருத்துவமனை, அதே வார்டு, அதே பிணம். துறை மட்டும் வேறு. இளம் தோழர்கள் யாராவது செவிலியர் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்க வந்தால், தயவுசெய்து மேடையில் எங்களைத் தேவதை என்று அழைக்காதீர்கள். அந்த மேடையில் ஒரு ‘ஆயா’ ஏன் இல்லை என்று கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குக் கண் பார்க்க அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நான் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறேன். அக்கா அங்கேயேதான் இருந்தார். சீருடை நிறம் மாறியிருந்தது. ஒப்பந்த நிறுவனம் மாறிவிட்டதாம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, இடுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். புதிய நிறுவனம் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்தது. "என்னா எழுதியிருக்குன்னு படி சிஸ்டர்."

படித்தேன். பெயர், ஆதார் எண், ஒரு நாள் கூலி. பணியில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் போன மாதத்துத் தேதி.

"பதினோரு வருசம்னு எங்கியாவது போட்டிருக்கா?"

"இல்லக்கா."

"கொரோனால வேல செஞ்சேன்னு?"

"அதுவும் இல்ல."

தாளை வாங்கி மறுபடியும் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மாவைப் பார்த்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்களா, வெளிச்சத்தில் உட்காராதீர்கள் என்றார். தன் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா குடித்தார். வார்டிலிருந்து யாரோ ‘ஆயா’ என்று கூப்பிட்டார்கள். பாட்டிலை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.